வாப்பாவின் இடது கை

மனதைக் குழப்பிப் போடுகிற படம் ஏதாவது சொல்லுங்கள் என்று இப்போதும் எனக்குச் செய்தி வருகிறது. பிழை என்னுடையதுதான். முகநூலில் பல வருடமாக அப்படிப்பட்ட படங்களைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். பார்த்தால் சோறு இறங்காது, நித்திரை வராது, மனத்தைரியம் இல்லாதவர்கள் இந்தப் பக்கமே வரவேண்டாம் என்று மேலே ஓர் எச்சரிக்கையும் போடுவேன். எச்சரிக்கை வெறும் சாட்டு. எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று ஊருக்குச் சொல்வதுதான் நோக்கம்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போகவேண்டும். நான் சாய்ந்தமருதை விட்டு மனைவியின் ஊரான மருதமுனைக்குப் போனேன். எங்கள் வீடு தங்கச்சிக்குச் சீதனமானது. அவளுடைய கணவர், கல்முனை பஸாரில் ஒரு புடவைக்கடையில் நிற்கிற மச்சான், அங்கே வந்து வாப்பாவோடும் உம்மாவோடும் குடியிருந்தார். பிறந்த வீட்டுக்கு நான் வெள்ளிக்கிழமைகளில் விருந்தாளி மாதிரிப் போய்வருவேன். ஜும்ஆத் தொழுகை முடிந்து, வயிறு முட்டச் சாப்பிட்டு, மச்சானைப் பிடித்து இருத்தி மடிக்கணினியில் படம் போடுவேன்.

மச்சானுக்கு இந்தப் படங்கள் ஒத்துவராது. இசை கொஞ்சம் மாறினாலே தலையணையைத் தூக்கி முகத்தை மூடிக்கொள்வார். முடிஞ்சுதா மச்சான் என்று உள்ளே இருந்து கேட்பார். முடிந்துவிட்டது என்பேன். எடுத்துப் பார்க்கிறபோது சரியாகக் கழுத்து அறுபடும். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். என்னை வருத்தப்படுத்தக் கூடாது என்றே அவர் வந்து இருந்தார் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.

வெள்ளைக்காரப் பேய்கள் என்னை ஒன்றும் செய்ததில்லை. அவற்றுக்கும் எனக்கும் கொடுக்கல் வாங்கல் கிடையாது. ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை போட்ட படத்தில் எங்களைப் போன்ற முஸ்லிம்கள் இருந்தார்கள். வேறு நாடு, வேறு பாஷை. ஆனாலும் அதே வெள்ளைத் துணி, அதே கற்பூரம், மையித்துக் குளிப்பாட்டுகிற அதே பலகை. பிள்ளைகள் இறந்துபோன தகப்பனுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். வயிற்றை அமுக்கிச் சுத்தம் செய்வதற்காக முதுகைத் தாங்கி நிமிர்த்துகிறபோது அந்த மையித்து மூச்சை இழுக்கிறது. மச்சான் எழும்பி வெளியே போய்விட்டார். நான் கடைசி வரை இருந்து பார்த்தேன். இது என்ன பெரிய படம் என்று அன்றைக்கே எழுதியும் போட்டேன். அதன் பிறகு குளியலறையில் தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிறபோது கண்ணை மூட எனக்குப் பயமாக இருந்தது. அதை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

அது நடந்து சில கிழமைகளுக்குள் வாப்பா மௌத்தாகிவிட்டார். நெஞ்சு வலி என்றார், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. வீட்டு வளவில் நாலு பக்கமும் திரை கட்டி, இலந்தை இலை போட்டுத் தண்ணீர் சுட வைத்தார்கள். வாப்பாவைக் குளிப்பாட்டுவது மகனின் கடமை, உரிமையும்கூட. தலைமாட்டில் நின்று தாங்க வேண்டியவன் நான். போய் நின்றேன், தண்ணீர் ஊற்ற மச்சானும் பக்கத்தில் நின்றார். குளிப்பாட்டுகிற பெரியவர் பிஸ்மி சொல்லி, முதுகைத் தாங்கி மெல்ல நிமிர்த்துங்க தம்பி என்றார். நிமிர்த்தினேன். அவர் வயிற்றில் கை வைத்தார். வாப்பாவின் தொண்டையில் இருந்து ஒரு சத்தம் வந்தது.

உள்ளே தங்கியிருந்த காற்று வெளியே வருகிறது, அவ்வளவுதான். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் கையை விட்டுவிட்டேன். என் வாப்பாவின் தலை பலகையில் போய் இடிக்குமுன் மச்சான் பாய்ந்து பிடித்துக்கொண்டார். நான் திரையை விலக்கிக்கொண்டு ஓடி, கிணற்றுக்கட்டுக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்து நின்றேன். திரைக்கு உள்ளே மச்சானின் குரல் கேட்டது. தலையணையால் முகத்தை மூடுகிற அதே ஆள், நிதானமாகப் பெரியவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இடது கையக் கவனமாத் தூக்குங்க. அது வாப்பாவுக்கு நோவு."

என்ன நோவு என்று எனக்கு விளங்கவில்லை. திரும்பி உள்ளே போயிருக்கலாம். போகவில்லை.

பிறகு அவர் இடுப்பில் ஈரச் சாரத்தோடு வெளியே வந்து, வளவில் நின்றவர்களுக்குக் கேட்கிற மாதிரி ஒரு பொய் சொன்னார். என்னைக் காட்டி, மச்சான்தான் எல்லாம் செய்தார், முடிகிற நேரத்தில் பிரஷர் இறங்கிவிட்டது, வாப்பா என்றால் அவருக்கு உசிர் என்றார். பெரியவர் என்னை ஒருதரம் பார்த்துவிட்டுத் திரைக்குள் போய்விட்டார். எனக்குக் கதிரை போட்டு, சீனி அள்ளிப் போட்ட தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார்கள். இப்படி ஒரு மகன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று ஒருவர் என் முதுகைத் தடவினார். அந்தத் தேத்தண்ணியை நான் குடித்தேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது. கபன் துணி சுற்றிய பிறகு முகத்தைத் திறந்து காட்டினார்கள். எல்லாரும் பார்த்தார்கள், நான் துணியைத்தான் பார்த்தேன்.

மச்சான் அதைப் பற்றி இன்று வரை ஒரு வார்த்தை கதைத்ததில்லை. வெள்ளிக்கிழமைகளில் படம் போடுவதும் நின்றுபோயிற்று.

உம்மா இத்தாவில், வாப்பாவுக்காக வெளியே இறங்காமல் வீட்டோடு இருந்த நாட்களில் ஒரு நாள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். உம்மா வாப்பாவின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். ஒரு சட்டையின் இடது கையை நீவியபடி கேட்டார்.

"குளிப்பாட்டக்குள்ள இந்தக் கைய மெல்லமாத் தூக்கினீங்களா மகன்?"

மெல்லமாகத்தான் தூக்கியிருப்பார்கள். கிணற்றடியில் நின்று கேட்டேனே. ஓம் உம்மா என்றேன்.

"நீங்க நிண்டது நல்லதாப் போச்சு. ரெண்டு வருசமா அந்தத் தோள அவரால தூக்கேலாது. நானும் மாப்பிள்ளையும்தான் சட்டை போட்டு விடுற. வெளியாக்களுக்கு அது எங்க தெரியும்?"

எனக்கும் தெரிந்திருக்கவில்லை. ரெண்டு வருடமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். அடுத்த அறையில் மச்சான் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் கதைத்தது அவருக்குக் கேட்டிருக்கும். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன். அதற்குள் உம்மா சட்டையை மடியில் வைத்துவிட்டு என் கையை எடுத்தார். அவரைக் கடைசியாகத் தாங்கிய கை என்று சொல்லி அதை உதட்டில் வைத்துக் கொஞ்சினார். நான் கையை இழுக்கவில்லை.