நாங்கள் இருப்பது மிசிசாகாவில்

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது நாங்கள் மிசிசாகாவில் குடியிருந்தோம். ஆனால் அந்த ஊரை நான் கண்ணாலும் கண்டதில்லை. உண்மையில் நாங்கள் படுத்து எழும்பியது அதற்கு நேர் எதிர்த் திசையில், நகரத்தின் கிழக்குக் கோடியில் இருக்கும் மோர்னிங்சைட்டில், மாமாவின் இரண்டு அறை அப்பார்ட்மென்டில். வீட்டை வாடகைக்கு எடுக்கும்போது தன்னையும் மாமியையும் கைக்குழந்தையையும் சேர்த்து மூன்று பேரைத்தான் மாமா சொல்லியிருந்தார். பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து அம்மாவும் நானும் தம்பியும் வந்து சேர்ந்தோம். அப்பா கொழும்பில் விசாவுக்குக் காத்துக்கொண்டிருந்தார். ஆட்கள் கூடிவிட்டது தெரிந்தால் எல்லோரையும் சேர்த்து வீட்டை விட்டு எழுப்பிவிடுவார்கள் என்று மாமாவுக்குப் பயம். ஆகவே யார் கேட்டாலும் நாங்கள் மிசிசாகாவில் இருக்கிறோம், இங்கே விருந்துக்கு வந்திருக்கிறோம் என்று சொல்ல வேண்டும். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது என்பதால் சொல்லும் பொறுப்பு என்னுடையது. அந்த வசனத்தைக் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பாடமாக்கினேன்.

விருந்து பல மாதங்களாக நடந்துகொண்டிருந்தது.

கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவரை எல்லோரும் சுப்பர் என்பார்கள். கயானாக்காரர். உயரமான, லேசில் சிரிக்காத மனிதர். ஒருநாள் லிஃப்டில் வைத்து அவர் மாமாவிடம், ஞாயிற்றுக்கிழமை கட்டடச் சொந்தக்காரர் வருகிறார், வீடு வீடாகப் போய் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்க்கப்போகிறார் என்று சொல்லியிருக்கிறார். நைசாகக் கதை கொடுத்து அந்த ரகசியத்தைத் தான் பிடுங்கிவிட்டதாக மாமா வீட்டுக்கு வந்து பெருமையடித்தார்.

சனிக்கிழமை பின்னேரம் எங்களை ஒளிக்கும் வேலை தொடங்கியது. நாங்கள் படுக்கும் மெத்தை மாமியின் அலுமாரிக்குள் மடிந்து போனது. என் பள்ளிக்கூடப் பை, தம்பியின் பல் துலக்கும் பிரஷ், அம்மாவின் செருப்பு எல்லாம் அரிசி மூட்டைக்குப் பின்னால் போயின. கடைசியில் பார்த்தால் நாங்கள் அங்கே இருந்ததற்கு ஒரு தடயமும் இல்லை. அம்மா நடு அறையில் நின்று சுற்றிப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே பாஸில் ஒரு குடும்பமே நாள் முழுக்கப் பஸ், ரயில், தெருத் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ரீற்கார் எதிலும் ஏறி இறங்கலாம். மாமாவின் திட்டம் அதுதான். “அக்கா, பிள்ளையளுக்கு ரவுணைச் சுத்திக் காட்டின மாதிரியும் இருக்கும். நல்லா இருட்டினாப்பிறகு வாங்கோ,” என்றார். வாரத்தில் ஆறு நாளும் தொழிற்சாலையில் நின்றபடி கேக் பெட்டி அடுக்கிய அம்மாவுக்கு, நித்திரை கொள்ளக் கிடைத்தது அந்த ஒரு நாள்தான். எனக்கோ கால் தரையில் நிற்கவில்லை.

சந்தோஷம் மதியம் வரைக்கும் இருந்தது. கென்னடி நிலையத்தில் ரயில் ஏறி மேற்குக் கோடி வரைக்கும் போனோம், திரும்பினோம். நடுவில் ரயில் சுரங்கத்தை விட்டு வெளியே வந்து ஒரு பெரிய பள்ளத்தாக்கைக் கடக்கும். அதற்காகவே இன்னொரு முறை போனோம். ஸ்ரீற்காரில் ஏறி ஏரிப்பக்கம் போய், இறங்கிய இடத்தில் நின்றே ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டோம். ரயிலுக்குள் சம்பலை அவிழ்க்க அம்மா விடவில்லை. மாசி மாதக் குளிரில் ரொட்டி சப்பாத்துத் தோல் மாதிரி ஆகியிருந்தது. பிறகு மறுபடியும் ரயில். அம்மா உட்கார்ந்த உடனே தூங்கிப்போவார். கோடி வந்ததும் நான் தட்டி எழுப்புவேன். ஒவ்வொரு தடவையும் கண் விழித்து, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

பொழுது சாயும் நேரம் தம்பி அழத் தொடங்கினான். அவனுக்கு உடம்பு சுட்டது. “போதும் பிள்ளை, வாறது வரட்டும். வீட்டை போவம்,” என்றார் அம்மா. இன்னும் இருட்டவில்லையே என்று நான் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மோர்னிங்சைட் பஸ் எங்கள் கட்டடத்துக்கு முன்னால்தான் நிற்கும். இறங்கினால், வாசலில் சுப்பர் சவளால் பனியை வழித்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் ஒரு நீளமான கறுப்புக் கார். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நீண்ட கோட்டுப் போட்ட ஒரு வெள்ளைக்காரர் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மாவின் கை என் கையை இறுக்கியது.

சுப்பர் சவளைப் போட்டுவிட்டு வந்தார். தெருவுக்கே கேட்கிற குரலில், வீட்டுக்குப் போகிறீர்களா என்று கேட்டார்.

என் நேரம் வந்துவிட்டது. நெஞ்சை நிமிர்த்தி, “ஓம், நாங்கள் இருப்பது மிசிசாகாவில்,” என்று ஆங்கிலத்தில் ஒரு சொல் பிசகாமல் சொன்னேன்.

அப்படியானால் தப்பான பக்கத்தில் நிற்கிறீர்களே, பஸ் எதிர்ப்பக்கத்தில் அல்லவா வரும் என்று அவர் இன்னும் உரக்கச் சத்தம் போட்டார். தம்பியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, பனி வழுக்கும் தெருவைக் கடந்து, எங்களை அந்தப் பக்கம் கூட்டிப்போனார். வந்த பஸ்ஸைக் கை காட்டி மறித்தார். இவர்கள் மிசிசாகாவுக்குப் போகிறவர்கள், கென்னடியில் பத்திரமாக இறக்கிவிடுங்கள் என்று சாரதியிடம் சொன்னார். தம்பியை என் அம்மாவிடம் கொடுக்கும்போது மட்டும் குரலைத் தாழ்த்தி எனக்கு ஏதோ சொன்னார். கதவு மூடியது. எங்கள் வீட்டு ஜன்னலில் மாமி லைட் போடுவது தெரிந்தது. அதைப் பார்த்தபடியே நாங்கள் அதைவிட்டுத் தூரப் போனோம்.

“என்னவாம்?” என்று அம்மா கேட்டார்.

“ஆறுதலாப் போகட்டாம். அவசரமில்லையாம்.”

“இதைவிட ஆறுதலாப் போறதெண்டால் நடந்துதான் போகவேணும்,” என்ற அம்மா, சற்றுப் பொறுத்து, “நல்ல மனுசன்,” என்றார்.

எனக்கு எரிச்சல் வந்தது. வாசல் வரைக்கும் வந்தவர்களைத் துரத்திவிட்டவர் எப்படி நல்ல மனிதராவார்? ஆனால் அம்மா முகத்தில் அன்று முழுக்க இல்லாத ஒரு அமைதி இருந்தது. களைப்பு மிஞ்சிப் போனதால் அப்படிப் பேசுகிறார் என்று நினைத்து விட்டுவிட்டேன். மறுபடியும் மேற்குக் கோடி. மறுபடியும் அந்தப் பள்ளத்தாக்கு. இந்த முறை எட்டிப் பார்க்க எனக்கும் மனமில்லை. அம்மாவின் கோட்டில் சாய்ந்து கிடந்தேன். தம்பி எங்கள் இருவர் மடியிலும் நீட்டி நிமிர்ந்து உறங்கினான்.

நன்றாக இருட்டிய பிறகு வந்தபோது கறுப்புக் கார் போய்விட்டிருந்தது. சொந்தக்காரர் சற்று முன்தான் போனார், ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை, எல்லாம் தன் மூளை என்று மாமா கைகளை உரசிக்கொண்டார். சுப்பரைச் சமாளித்தது நான்தான் என்று நானும் என் பங்குக்கு அளந்தேன். அம்மா மெத்தையை இழுத்துப்போட்டு, கோட்டைக்கூடக் கழற்றாமல் படுத்துவிட்டார்.

மறுநாள் காலை அம்மா சுடச்சுட ரொட்டி சுட்டு, சம்பலோடு ஃபொயிலில் சுற்றி, போகும்போது சுப்பரிடம் கொடு என்று தந்தார். அவரை ஏமாற்றியதற்குப் பரிகாரமாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவர் பொதியை வாங்கி மணந்து பார்த்தார். பள்ளிக்கூடப் பையோடு நின்ற எனக்குக் கதவைத் திறந்து பிடித்தபடி, மிசிசாகாவிலிருந்து வர இன்றைக்கு எவ்வளவு நேரம் எடுத்தது என்று கேட்டார்.

சரியான தூரம், விடியமுன்னமே வெளிக்கிட்டுவிட்டோம் என்றேன்.

பாவம், களைத்துப் போயிருப்பாய் என்று சொல்லித் தலையை ஆட்டினார். முகத்தில் சிரிப்பே இல்லை.

இவ்வளவு பெரிய கட்டடத்தை இப்படி ஒரு ஏமாளியிடம் ஒப்படைத்திருக்கிறார்களே என்று பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் நான் அவருக்காகக் கவலைப்பட்டேன்.