முதுகுக் கயிறு

அச்யுதனுக்கு மயிலாப்பூரில் பிடித்தது எதுவுமில்லை. மாடவீதிக் கூட்டம் பிடிக்காது, கோயில் வாசலில் செருப்பைத் தொலைத்துவிட்டு நடுத்தெருவில் நின்று புலம்புகிறவர்களைப் பிடிக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டுக்காரர் பரத்வாஜையும் அவர் மனைவி ஜானுவையும் கண்ணிலே காட்டக் கூடாது. ஆனாலும் மூன்று வருஷமாக அவர்கள் வீட்டு மாடி அறையில்தான் குடியிருந்தார். காரணம், அந்த வீட்டு மொட்டை மாடி.

முப்பது வருஷம் சர்வே காம்பில் காடு காடாக அலைந்த உடம்பு. ஜீப் குலுக்கிய குலுக்கலில் முதுகில் டிஸ்க் நகர்ந்துவிட்டது. கட்டிலில் படுத்தால் வலி, தரையில் படுத்தால் அதைவிட வலி. ராத்திரி பூராவும் நாற்காலியில் உட்கார்ந்து கொட்டாவி விடுவார். காம்பிலிருந்து கொண்டுவந்த துணி ஊஞ்சலில் கொஞ்சம் கோணலாகப் படுத்தால் மட்டும்தான் தூக்கம் வரும். அறைச் சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்று பரத்வாஜ் குடிவந்த அன்றே சொல்லிவிட்டார். ஆகவே மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் இரும்புக் காலுக்கும் மாடிப்படி அறையின் கொக்கிக்கும் நடுவே ஊஞ்சலைக் கட்டி, காலை பத்திலிருந்து ஒரு மணிவரை தொட்டி நிழலில் தூங்குவார். ராத்திரியில் மாடிக் கதவு பூட்டிக் கிடக்கும். ஒரு நாளைக்கு அவருக்குக் கிடைத்த தூக்கம் அவ்வளவுதான்.

ஊஞ்சல் கட்டுவதை அவர் விளையாட்டாகச் செய்வதில்லை. துணி பதினோரடி. அதன் இரண்டு முனைகளையும் இணைத்துத் தலைக்கு மேலே ஒன்பதடிக் கயிறு ஒன்று போகும். துணியைவிடக் கயிறு குட்டை என்பதால், எங்கே கட்டினாலும் துணி ஒரே அளவுதான் தொங்கும். காம்பில் அதற்கு முதுகுக் கயிறு என்று பெயர். ஏறிப் படுத்ததும் அந்தக் கயிற்றை இரண்டு விரலால் கிள்ளிப் பார்ப்பார். கொஞ்சம் வளைந்துகொடுக்க வேண்டும். விறைத்துக்கொண்டு நின்றால், முனைகளைத் தொட்டிக் காலிலும் கொக்கியிலும் பிணைத்திருக்கிற ஓரக் கயிறுகளைத் தளர்த்துவார், தொளதொளவென்று கிடந்தால் இழுத்துக் கட்டுவார். ஒரு விரற்கடை பிசகினாலும் முதுகு சொல்லிவிடும். இந்தச் சரிபார்ப்புக்கே அரைமணி ஆகும் என்பதால், ஒருமுறை கட்டிய ஊஞ்சலை அவர் அவிழ்ப்பதே இல்லை.

தொண்ணூற்று நாலாம் வருஷம் தை மாதத்தில் ஒரு நாள் பத்து மணிக்கு மேலே போனார். முதுகுக் கயிற்றின்மேல் ஜானுவின் ஒன்பது கஜம் புடவை சொட்டச் சொட்டக் காய்ந்துகொண்டிருந்தது. கீழே ஊஞ்சல் துணி தொப்பலாக நனைந்திருந்தது.

"தொட்டுடாதேங்கோ, மடி" என்றாள் ஜானு. துணி உலர்த்துகிற கோல் அவள் கையில் இருந்தது.

"மாமி, இது கொடியில்லே. என் ஊஞ்சலோட கயிறு."

"மாடியில கயிறு கட்டியிருந்தா அது கொடிதான். வேற என்னவாம்?"

"முதுகுக் கயிறு."

"முதுகுல போட்டுக்கற கயிறு எனக்குத் தெரிஞ்சு ஒண்ணே ஒண்ணுதான். அதை நீங்க எப்பவோ கழட்டிக் காட்டுல எறிஞ்சாச்சு."

அச்யுதனுக்குச் சுருக்கென்று தைத்தது. காம்பில் பூணூலை எறிந்தது உண்மைதான். மடிப் புடவையை அவர் தொட்டால் அன்றைக்கே வீட்டைக் காலி பண்ணச் சொல்வார்கள். துவைக்கவும் பெருக்கவும் வருகிற தாயம்மாளும் அதைத் தொடக் கூடாது. ஜானுவே வந்து கோலால் எடுத்தால்தான் உண்டு. அவள் ஒரு மணிக்கு முன்னால் அசைவதாக இல்லை. அதற்குள் தொட்டி நிழலும் போய்விடும்.

மறுநாளும் அதே கூத்து. அவளுக்கென்று எதிர்ப்பக்கம் தனியாக ஒரு கொடி கட்டிக் கொடுத்தார். அங்கே காக்காய் எச்சம் போடுகிறதாம். விடிகாலையிலேயே மாடிக்குப் போய் இடம் பிடிக்கலாமென்றால் கதவுச் சாவி பரத்வாஜின் இடுப்பில். முதுகுக் கயிற்றையே கழற்றிவிட்டு ஒரு நாள் படுத்துப் பார்த்தார். துணி பள்ளமாக இறங்கி, இரண்டு நாள் நிமிர முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பரத்வாஜிடம் நியாயம் கேட்டபோது அந்த மனுஷன் சிரித்தார்.

"ஓய், துணி உம்முடையது, ஒத்துக்கறேன். கயிறு மாடியில இருக்கு. மாடி என்னுது."

பதினோரு நாள் தூக்கமில்லை. கண் எரிந்தது. பன்னிரண்டாம் நாள் ஜானு புடவையை விரித்து முடிக்கும்வரை அச்யுதன் மாடிப்படியில் நின்றார். அதற்கு முந்தின நாள்தான் பரத்வாஜின் அம்மாவுக்கு சிராத்தம் நடந்தது. அது தெரிந்துதான் பேசினார்.

"மாமி, ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். காம்புல சமையல்காரன் அப்துல் வஹீத் இந்தக் கயித்துலதான் கருவாடு காயப் போடுவான். முப்பது வருஷமா."

ஜானுவின் கையிலிருந்து கோல் விழுந்தது. அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். சத்தம் கேட்டுப் பரத்வாஜ் மேலே ஓடி வந்தார். தாயம்மாள் துடைப்பத்தோடு பின்னாலேயே வந்து நின்றாள்.

விஷயம் என்னவென்றால், அது முழுப் பொய். காம்புக் கயிறு நைந்து போய், போன தீபாவளிக்குத்தான் புது நைலான் கயிறு மாற்றியிருந்தார். மாடவீதிக் கடையில் அதை வாங்கி வந்ததே தாயம்மாள்தான்.

ஜானு கருவாட்டு விஷயத்தைச் சொன்னதும் பரத்வாஜ் அச்யுதன் பக்கம் திரும்பினார். "நேத்திக்கு எங்கம்மா சிராத்தத்துக்கு இவ அந்தப் புடவையைக் கட்டிண்டுதான்யா சமைச்சா. பொய்னு சொல்லும். ஒரு வார்த்தை சொல்லிட்டா நீர் பாட்டுக்கு இரும். உம்ம கயித்துல இனிமே யாரும் எதுவும் போட மாட்டா."

கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. தூக்கம், மாடி, கயிறு, மூன்றும். பொய் என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி, அதுவும் உண்மை. அச்யுதன் வாயைத் திறந்தார்.

அதற்குள் ஜானு தலை நிமிராமல் சொன்னாள். "பொய்யாத்தான் இருக்கும். பூணூலை எறிஞ்சவாளுக்குப் பொய் என்ன, மெய் என்ன."

அச்யுதன் வாயை மூடிக்கொண்டார். பிறகு நிதானமாகச் சொன்னார். "வஞ்சிரம், மாமி. சில சமயம் நெத்திலி."

பரத்வாஜ் தாயம்மாளைப் பிடித்துக்கொண்டார். "நீ சொல்லு. வாசனை ஏதாவது வந்துதா?"

தாயம்மாளுக்கு அந்த வீட்டில் காபி டம்ளர் தனி. கொல்லைச் சுவரின்மேல் கவிழ்த்து வைத்திருப்பார்கள், அவளே எடுத்துக்கொள்ள வேண்டும். அவள் அச்யுதனை ஒரு பார்வை பார்த்தாள்.

"வந்துச்சு சாமி. சொன்னா அம்மா கத்துமேன்னு கம்முனு இருந்துக்கினேன்."

வெள்ளிக்கிழமைக்குள் காலி பண்ணச் சொன்னார்கள். நங்கநல்லூரில் தங்கை வீடு இருக்கிறது. அடுக்குமாடியில் நடு வீடு, மொட்டை மாடிக்குப் பூட்டு. போகிற அன்று அச்யுதன் மேலே போய் ஊஞ்சல் துணியை அவிழ்த்து மடித்தார். கயிற்றை மட்டும் எடுக்கவில்லை. ஓரக் கயிறுகளோடு சேர்த்து முடிந்து, இரும்புக் காலிலிருந்து கொக்கிவரை தனியாக இழுத்துக் கட்டினார். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, துளி வளைவு இல்லாமல் இறுக்கிக் கட்டினார்.

தாயம்மாள் பார்த்துக்கொண்டே நின்றாள். "இன்னா அய்யரே, இத்த வுட்டுட்டுப் போறியா?"

"அவாளே அவுத்துக்கட்டும்."

அவர்கள் அவிழ்க்கவில்லை. கருவாட்டுக் கயிற்றை ஜானு எப்படித் தொடுவாள்? பரத்வாஜ் கிட்டேகூடப் போகவில்லை. அறுத்துப் போடச் சொன்னதற்குத் தாயம்மாள், "எனக்கு இன்னாத்துக்கு சாமி வம்பு" என்று சொல்லிவிட்டாள். மாடியின் குறுக்கே கழுத்து உயரத்துக்கு அந்தக் கயிறு அப்படியே நின்றது. அது மேலே பட்டுவிடுமோ என்று ஜானு மாடிக்கே வராமல், மடிப் புடவையை அடுக்களைக்குள் ஃபேன் போட்டு உலர்த்தினாள்.

நங்கநல்லூரில் அச்யுதன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலை மணி பத்து.