விலைச்சீட்டு இல்லாத ஸ்வெட்டர்

இலங்கையில் யுத்த காலத்தில் ஒரு தீபாவளிக்கு முந்திய வாரம், மாத்தளைக் கடையொன்றில் மலிவு விற்பனை. நெரிசலுக்குள் கைவிட்டுக் குவியலிலிருந்து ஒரு நீல ஸ்வெட்டரை இழுத்தெடுத்தேன். விலைச்சீட்டு இல்லை. கழுத்தோரம் லேசாக அழுக்கும் இருந்தது. ஆனாலும் வேறு யாராவது பறித்துவிடுவார்களோ என்ற அவசரத்தில், "இது நூறு ரூபா குவியல்ல இருந்துச்சு" என்று நானே விலை சொல்லி வாங்கிவிட்டேன்.

பஸ் நிலையத்தில் ஸ்வெட்டரின் பைக்குள் கைவிட்டபோது ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெண்ணின் அடையாள அட்டை வந்தது. அது இல்லாமல் தமிழர் எவரும் சோதனைச் சாவடியைத் தாண்ட முடியாத நாட்கள் அவை.

கடைக்கு ஓடினேன். சட்டை அளவு பார்ப்பதற்காக ஸ்வெட்டரைக் கழற்றி வைத்த பெண், தேடிக் களைத்து அப்போதுதான் போனாளாம். அடுத்த பஸ்ஸில் பின்னாலேயே போனேன். நகர எல்லைச் சாவடியில் அவளை மட்டும் பஸ்ஸிலிருந்து இறக்கி நிறுத்தியிருந்தார்கள். அழுது முகம் வீங்கியிருந்தது.

அட்டையைக் காட்டியதும் சிப்பாய் அவளை விட்டுவிட்டார். ஸ்வெட்டரையும் கொடுத்தேன்.

"நீங்க நல்லா இருக்கணும் அக்கா. எந்தப் பாவி எடுத்தாளோன்னு நெனச்சேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கடையில கெடந்துச்சும்மா" என்றேன்.

இப்போதெல்லாம் மலிவு விற்பனையில் எதை எடுத்தாலும், அது கடைப் பொருள்தானா என்று ஊழியரிடம் கேட்டுவிட்டே வாங்குகிறேன். ஆனால் அன்று அவளிடம் சொல்ல வராத உண்மையை இன்றுதான், முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன்.