உதிராத காரை

கடல் தாண்டி வேலைக்கு வந்தவர்கள் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் சுவர் கொஞ்சம் பொரிந்தாலும் சின்னையாவைத் தேடித்தான் ஆள் வரும். ஆணி பிடுங்கிய ஓட்டை, மழையில் ஊறி உப்பிய காரை என்று அவர் கை படாத வீடு அங்கே இல்லை. பூசிய இடம் எது என்று மறுநாள் அவரே தேட வேண்டியிருக்கும். அந்தப் பெருமை மனிதருக்குக் கொஞ்சம் அதிகம்தான்.

ரயில்வே ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி ரெங்கசாமி வீட்டு வேலை மட்டும் அவருக்குப் பிடிக்காது. அறைகளுக்கு நடுவே பலகைச் சிம்பு அடித்து, மேலே சுண்ணாம்பு பூசிய தடுப்புச் சுவர்; உள்ளே வெறும் பொந்து. அதில் எப்போதும் ஒரே இடத்தில்தான் பள்ளம் விழும், கிராணியின் மனைவி நல்லம்மாளின் தலை உயரத்தில். ஒருமுறை உதிர்ந்த காரையில் நீளமான முடி ஒட்டியிருந்தது. சின்னையா பார்த்தார், அதைக் கூட்டி அள்ளிவிட்டுப் பூசினார். புருஷன் பெண்டாட்டி விவகாரம், அதுவும் கிராணி வீடு, நமக்கேன் வம்பு என்று நாமெல்லாம் கைவசம் வைத்திருக்கும் அதே சமாதானம்தான்.

அடுத்த முறை போனபோது நல்லம்மாள் முந்தானையை நெற்றிவரை இழுத்துவிட்டிருந்தாள்.

"அண்ணே, இந்தத் தடவ உதிராத மாதிரி பூசிக் குடுங்க. சுவரு ஒடைஞ்சா வெள்ளக்காரத் தொரை பாத்துடுவாரு, மானம் போச்சுன்னு எங்க வீட்டுக்காரரு அதுக்கும் சேத்து அடிக்கிறாரு."

"நீங்க ஊருக்குப் போயிடக் கூடாதாம்மா?"

"கப்பல் ஏத்திவிட எனக்கு யாரு இருக்கா? நீங்க சுவத்தப் பாருங்க."

தன்னால் முடிந்தது இதுதான் என்று சின்னையா நினைத்தார். சுண்ணாம்போடு கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து, கோயில் மதிலுக்கு அரைப்பது போல அரைத்தார். பொந்துக்குள் செங்கல் துண்டுகளை இறுக்கி அடைத்துப் பூசினார். காய்ந்ததும் நல்லம்மாள் தட்டிப் பார்த்தாள். பாறைதான். அவள் சிரித்து அவர் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதன் பிறகு கூப்பிட்டது அவள் கருமாதிக்கு வெள்ளையடிக்க. குளிக்கிற இடத்தில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று கிராணி வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். சின்னையா வெள்ளையடிக்கும் மட்டையைச் சுண்ணாம்பில் நனைத்துக்கொண்டு தடுப்புச் சுவரிடம் போனார். பூசிய இடத்தில் ஒரு கீறல்கூட இல்லை. பழுப்பாக ஒரு கறை மட்டும் இருந்தது. பழைய சுவராக இருந்திருந்தால் அது உடைந்திருக்கும், அவள் பிழைத்திருப்பாள்.

சுத்தியலை எடுத்து ஓங்கி அடித்தார். கைதான் வலித்தது.

"நல்ல சுவத்த எதுக்குய்யா ஒடைக்கிற?" என்றார் கிராணி.

"ஒடையலையே ஐயா," என்று சின்னையா அழுதார். கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது. எல்லோரும் தலையைக் குனிந்து காப்பியைக் குடித்தார்கள்.

அதற்குப் பிறகு அவர் சுண்ணாம்பில் வெல்லம் சேர்த்ததில்லை. பூசியதெல்லாம் ஒரு மழைக்குள் பொலபொலவென்று கொட்டியது. கை போயிடுச்சு என்று குவாட்டர்ஸ் வேலைகளைப் பார்க்கும் ஓவர்சியர் ஏசுவார். சின்னையா நின்று கேட்டுக்கொள்வார். பிறகு போய், மறுபடியும் உதிர்கிற மாதிரியே பூசிவிட்டு வருவார்.