விளக்கைக் கைமாற்றிய தோழி

துறைமுகக் கந்தோரின் தொலைபேசிப் பலகையில் ஒரே நேரத்தில் ஆறு அழைப்புகள் வந்தாலும் இணைப்புக் கொடுக்கும் புஸ்பராணியின் குரல் மாறாது. 1969 ஆவணியில், பாலையூற்றுக் கல்யாண வீடொன்றில், அந்தக் குரல் அவளுக்கு வரவேயில்லை.

அண்ணன் சோமசேகரத்தின் கல்யாணம். மாப்பிள்ளையின் தங்கை என்பதால் அவள்தான் தோழி. கூறைச் சேலை கொடுத்ததும் பெண்ணை அறைக்குள் கூட்டிப்போய் உடுத்தி வர வேண்டும். தாலி கட்டும்போது பெண்ணுக்குப் பின்னால் விளக்குப் பிடிக்க வேண்டும். உப்புவெளியிலிருந்து காரில் வரும்போதே தாய் தொடங்கிவிட்டார்.

"விளக்கு அணையப்படாது. கை மாறப்படாது. விளங்கிச்சோ?"

"ஓம் அம்மா. நாலாந்தரம் சொல்லிப்போட்டியள்."

"அஞ்சாந்தரமும் சொல்லுவன்."

அறைக்குள் கூறையைக் கொய்து செருகும்போது, பெண்ணின் உள்பாவாடை நாடாவில் ஏதோ இடித்தது. துருப்பிடித்த ஒரு திறப்பு, ஏதோ பழைய பூட்டின் சாவி.

"இதென்ன மச்சாள், அண்ணாவைப் பூட்டி வைக்கிற யோசனையோ?"

மணப்பெண் அன்னலட்சுமி சிரிக்கவில்லை. கதவைப் பார்த்தாள்.

"எனக்கு வலிப்பு வாறது. இரும்பைக் கையிலை வைச்சால் நிக்குமெண்டு அம்மா கட்டிவிட்டவ. ஒண்டரை வருசமா வரேல்லை. வரமுதல் றப்பர் எரியிறமாதிரி ஒரு மணம் மணக்கும். பிறகு இடக்கைப் பெருவிரல் துடிக்கும். இப்ப மணக்குது."

"அண்ணாவுக்குத் தெரியுமோ?"

"இல்லை. சொல்லவேணுமெண்டு நிண்டனான். அப்பா விடேல்லை. நீங்கள் சொல்லிப்போடாதேங்கோ. நானே சொல்லுவன்."

கதவு தட்டப்பட்டது. "என்ன செய்யிறியள் உள்ளுக்கை? ஐயர் கூப்பிடுறார்." தாயின் குரல்.

சொன்னால் கல்யாணம் அந்த நிமிஷமே நிற்கும். பந்தலில் முந்நூறு பேர். சொல்லாவிட்டால் கூடப்பிறந்தவனை ஏமாற்றியதாகும். கொய்சகம் இரண்டு தரம் குலைந்தது. "வாறம் அம்மா," என்றாள் புஸ்பராணி. திறப்பை அவிழ்த்துத் தன் கைக்குட்டைக்குள் சுற்றிக்கொண்டாள். முந்நூறு பேருக்கு முன்னால் நாடாவில் தேட ஏலாது.

மணவறையில் எல்லோரும் தாலியைப் பார்த்தார்கள். புஸ்பராணி பெண்ணின் இடது கையைப் பார்த்தாள். சோமசேகரம் தாலியோடு எழுந்தான். மேளம் உச்சத்துக்கு ஏறியது. காற்று திரும்பி ஓமப்புகை பெண்ணின் முகத்தில் அடித்தது. அவளுடைய பெருவிரல் துடிக்கத் தொடங்கியது. ஒரு தரம். பிறகு நிற்காமல்.

புஸ்பராணி விளக்கைப் பக்கத்தில் நீண்ட ஒரு கையில் கொடுத்தாள். யாருடைய கை என்று பார்க்கவில்லை. குந்தி இருந்து, திறப்பைப் பெண்ணின் கைக்குள் திணித்து, இடுப்பைச் சுற்றிப் பிடித்தாள். உடம்பு அரிசிச் சாக்குபோலக் கனத்தது. கண்கள் ஓரிடத்தில் குத்திட்டு நின்றன. தோழி பின்னலைத் தூக்கிக் கொடுக்கிறாள் என்று சனம் நினைத்தது. தாலி ஏறியதும் வாழ்த்தி எறிந்த அறுகரிசி தலையில் கொட்டியது. புஸ்பராணி மனதுக்குள் எண்ணினாள். இருபத்தாறில் பெருவிரல் ஓய்ந்தது.

"முடிஞ்சுதோ?" என்று மெல்லக் கேட்டாள் அன்னலட்சுமி.

"முடிஞ்சுது."

அதன் பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். விளக்கு சித்தி தங்கரத்தினத்தின் கையில் எரிந்துகொண்டிருந்தது. புருஷனை இழந்து ஆறு வருஷமான சித்தி. மணவறைக்குப் பக்கத்துப் பந்தற்காலோடு ஒதுங்கி நின்றவர்.

தாயின் முகம் கறுத்திருந்தது. "ஆற்றை கையிலை குடுத்தனி?"

"நான் கேட்டு வாங்கேல்லை அக்கா," என்றார் சித்தி. "தந்தாள், பிடிச்சன். அணையேல்லை."

தாய் அன்றிலிருந்து புஸ்பராணியோடு கதைக்கவில்லை. உப்புவெளியில் அவளைத் தோழியாகக் கூப்பிடவும் யாருமில்லை. ஒரு வசனம் சொன்னால் தீர்ந்துவிடும். அவள் சொல்லவில்லை. சோமசேகரத்துக்கும் அதே கந்தோரில்தான் வேலை. பலகையில் அவனுடைய மேசை இலக்கம் மின்னும்போதெல்லாம் மற்ற அழைப்புகளை விட்டு அதையே முதலில் எடுத்தாள். இண்டைக்குத்தானோ? விழுந்துவிட்டாளோ?

கார்த்திகையில் ஒரு மத்தியானம் அது மின்னியது.

"பிள்ளை, அன்னம் எல்லாத்தையும் சொல்லிப்போட்டாள். நீ அண்டைக்கே அறிஞ்சனியோ?"

"ஓம்."

"என்னட்டை ஏன் சொல்லேல்லை?"

"பயந்தனான். நீங்கள் எழும்பிப் போயிடுவியளெண்டு."

வேறு இரண்டு இலக்கங்கள் மின்னின. அவள் தொடவில்லை.

"போயிருப்பன்தான்," என்றான் அவன். "நேற்றுப் பின்னேரம் குசினிக்கை சமைக்கேக்கை விழுந்தவள். நான் பாத்துக்கொண்டு நிண்டனான், வேறையொண்டும் தெரியேல்லை. என்ன செய்யவேணும்?"

அதை அவள் இந்த மூன்று மாதத்தில் ஆஸ்பத்திரித் தாதி ஒருத்தியிடம் கேட்டு வைத்திருந்தாள்.

"ஒருக்களிச்சுப் படுக்க வையுங்கோ. வாய்க்கை ஒண்டும் வைக்காதேங்கோ. திறப்பும் வேண்டாம். வலிப்பு முடியுமட்டும் பக்கத்திலை இருங்கோ."

"பொறு, எழுதிறன்," என்றான் சோமசேகரம். மறுமுனையில் மேசை லாச்சியை இழுத்துப் பென்சில் தேடும் சத்தம் கேட்டது.