கோபம் இறங்காத வெள்ளிக்கிழமை

பலவேசத்துக்குக் கோபம் வந்தால் முதலில் காதுமடல் சூடாகும். அதை அவரே கண்டுபிடிக்க நாற்பது வயது தாண்ட வேண்டியிருந்தது. இப்போது ஐம்பத்து மூன்று ஆகிறது. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறார்.

கலவை அறை மற்ற அறைகளை விட்டுத் தள்ளி, காய்ந்த காட்டின் ஓரத்தில் தன்னந்தனியாக நிற்கும். வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பொடியும் அங்கேதான் ஒன்று சேரும். வெயில் ஏறுவதற்குள் கலந்து முடித்து வெளியே வந்துவிட வேண்டும். பலவேசம் கலந்து கொடுத்தால்தான் மருந்து அடைக்கிற பெண்களுக்கு அன்றைக்கு வேலை.

அறை வாசலில் சுவரோடு சேர்த்து ஒரு பித்தளைத் தகடு பதித்திருக்கும். தொட்டால் உடம்பில் சேர்ந்த மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும். பட்டாசுக் கம்பெனி அறைகளுக்கெல்லாம் இப்படி ஒன்று உண்டு. மற்றவர்கள் பஸ்ஸில் ஏறும்போது கம்பியைப் பிடிப்பதுபோல் தொட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பலவேசம் வலது உள்ளங்கையை முழுசாகப் பதித்து நிற்பார். கண்ணை மூட மாட்டார். வீட்டில் நடந்த பேச்சு, வேனில் கேட்ட வம்பு, மகள் வேலைக்குப் போன ஊரில் மழையாமே என்கிற கவலை, ஒவ்வொன்றாகக் கைவழியே இறங்கட்டும் என்று நிற்பார். சில நாள் ஒரு நிமிசம். சில நாள் பத்து நிமிசம். காது குளிர்ந்த பிறகுதான் உள்ளே கால் வைப்பார். கம்பெனியில் அவருக்குத் ‘தகட்டுச் சாமி’ என்று பேர்.

அந்தத் தகட்டுக்கு வந்து சேருவதற்குமுன் அவர் சுற்றாத இடமில்லை. அமாவாசைக்கு அமாவாசை சதுரகிரி மலை ஏறினார், முழங்கால் ‘போதும்’ என்று சொல்கிற வரைக்கும். சிவகாசியில் ஞாயிற்றுக்கிழமை தியான வகுப்புக்குப் போனார். மூன்றாவது வாரம் சம்மணம் போட்டபடியே குறட்டை விட்டார். சொல்லிக்கொடுத்த அம்மா நல்ல மனுசி. “ஐயா ஆழ்ந்த நிலைக்குப் போயிட்டீங்க” என்றார். வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி லட்சுமிகாந்தம் சிரித்த சிரிப்பு தெருமுனைக்குக் கேட்டது.

“அந்த ஆழ்ந்த நெலையத்தான் இருவத்தஞ்சு வருசமாப் பக்கத்துல படுத்துக் கேட்டுக்கிட்டு இருக்கேன்.”

அவரை உண்மையில் திருப்பிவிட்டது வேறு. பன்னிரண்டு வருசத்துக்கு முன்னால் வேறொரு கம்பெனியில் இருந்தார். ஒரு காலையில் தண்ணீர் குடிக்கத் தொட்டிவரைக்கும் போனவருக்கு முதுகில் சூடு அடித்தது. திரும்பிப் பார்த்தபோது அறை இல்லை. உள்ளே இருந்த இரண்டு பேரும் இல்லை. அதில் ஒருவர் அன்றைக்கு அண்ணன் தம்பிச் சண்டையோடு வேலைக்கு வந்தவர். மருந்து சலிக்கிற சல்லடையை ஓங்கி ஓங்கித் தட்டினார். பலவேசம் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. விசாரணையில் வேறு காரணம் எழுதினார்கள். உண்மையில் எதனால் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தச் சல்லடைச் சத்தம் பலவேசத்தின் காதைவிட்டுப் போகவில்லை. கோபத்தோடு மருந்தைத் தொடுவதில்லை என்று அன்றைக்கு முடிவு எடுத்தார். கோயிலில் கற்பூரம் அடித்துச் செய்த சத்தியம் அல்ல. மனசுக்குள் எடுத்த முடிவு. ஒரு நாள்கூட அது தவறியதில்லை.

போன ஆடி மாசக் கடைசி வெள்ளிக்குத்தான் சோதனை வந்தது.

முந்தின நாள் சாயங்காலம் டீக்கடையில் பலவேசத்தின் மச்சினன் பாலகுரு உட்கார்ந்திருந்தார். லோடு வேன் ஓட்டுகிறவர். வாய்க்குச் சுங்கம் கிடையாது. கடையில் யாரோ தகட்டுச் சாமி பேச்சை எடுக்க, பாலகுரு கிளாஸைக் கீழே வைத்தார்.

“மச்சான், ஊரே உங்களச் சாமிங்குது. எனக்குல்லா நெசம் தெரியும். அந்த வெடிக்கு அப்புறம் உங்களுக்குப் பயம். பயத்தத் தகட்டுல தடவிட்டு, அதுக்குப் பக்தின்னு பேரு வச்சுட்டீக.”

பத்துப் பேர் சிரித்தார்கள். பலவேசமும் சேர்ந்து சிரித்தார். பாதி டீயை வைத்துவிட்டு எழுந்தார். காது இரண்டும் கொதித்தன.

காலையில் கம்பெனி வேனிலிருந்து இறங்கி நேராகக் கலவை அறைக்கு நடந்தார். தகட்டில் கை வைத்தார். மற்ற எல்லாம் இறங்கியது. பாலகுரு இறங்கவில்லை. ‘பயம்’ என்ற சொல் பல்லில் சிக்கிய நார்போல் அங்கேயே இருந்தது. பொய் என்றால் உதறியிருப்பார். கொஞ்சம் நிஜமாக இருக்குமோ என்பதுதான் சுட்டது.

கால் மணி நேரம் ஆனது. போர்மேன் இராமகிருஷ்ணன் எட்ட நின்று கூப்பிட்டார்.

“என்னண்ணே, இன்னைக்கு அபிசேகமும் உண்டா? ஆர்டர் கெடக்கு. செந்தூர்பாண்டியும் இருக்கன்குடிக்கு நடந்துட்டான்.”

கலவைக்குச் சான்றிதழ் உள்ளவர்கள் அந்தக் கம்பெனியில் இரண்டே பேர். செந்தூர்பாண்டி மஞ்சள் வேட்டி கட்டி மாரியம்மனைப் பார்க்கப் போய்விட்டார். பலவேசத்தை விட்டால் ஆள் இல்லை. வேப்பமரத்தடியில் முப்பத்திரண்டு பெண்கள் தூக்குவாளியோடு காத்திருந்தார்கள். மருந்து வராவிட்டால் அவர்களுக்கு இன்றைக்குக் கூலி கிடையாது. சீசனில் ஒரு நாள் என்பது சும்மா இல்லை.

முப்பத்திரண்டு வீட்டு அடுப்பை நினைத்தாவது உள்ளே போகலாம் என்று தோன்றியது. அது நல்ல காரணமாகவும் இருந்தது. கால் தூக்கினார். தூக்கின பிறகுதான் தெரிந்தது, காலைத் தூக்கினது அந்த அடுப்புகள் இல்லை. ‘பார்லே, எனக்குப் பயம் இல்ல’ என்று பாலகுருவிடம் காட்டப் போகிற கால் அது. அந்தக் காலோடு போய்ச் சல்லடையைப் பிடித்தால் கை எப்படித் தட்டும் என்று அவருக்குத் தெரியும். கேட்ட சத்தம்தானே.

காலைப் பின்னால் வைத்தார்.

“ராமகிருஷ்ணா, இன்னைக்கு நான் கலக்கல.”

“ஏன்ணே? ஒடம்புக்கு முடியலையா?”

“மனசு சரியில்ல.”

இராமகிருஷ்ணனுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. முதலாளி ராஜபாண்டியனுக்குச் சொல்லி அனுப்பினார். அவர் ஆபீஸிலிருந்து வெயிலில் நடந்தே வந்தார். கத்துகிற ஆள் இல்லை. பலவேசத்தைத் தனியே கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, ஒரு வழியும் சொன்னார்.

“பலவேசம், காச்சல்னு சொல்லிருங்க. நானும் அப்படியே எழுதிக்கிறேன். பொம்பளைகளும் ஒண்ணும் சொல்ல மாட்டாக. மனசு சரியில்லைன்னா நாளைக்கு ஆளாளுக்கு அதையே சொல்லுவாக.”

எளிதான வழி. காய்ச்சல்காரரை யாரும் திட்டுவதில்லை. பலவேசம் ஒரு நிமிசம் மண்ணைப் பார்த்தார்.

“காச்சல் இல்ல மொதலாளி. கோவம். எம் மச்சினன் ஒரு வார்த்த சொல்லிட்டான். அது இன்னும் எறங்கல.”

மரத்தடிக்கு அது கேட்டுவிட்டது. முதலில் எழுந்தது பாண்டிச்செல்வி. மருந்து அடைப்பதில் அவள் கைக்கு ஈடு கிடையாது, வாய்க்கும் கிடையாது.

“ஏண்ணே, உங்க மச்சினன் பேசுனதுக்கு எங்க வீட்டுல அடுப்பு எரியக் கூடாதா? கோவம் ஆருக்கு இல்ல? எங்க வீட்டுக்காரரு தெனமும் பேசுற பேச்சுக்குக் கோவம் எறங்குனாத்தான் வேலைன்னா, நான் வருசத்துக்கு ஒரு நாள்தான் வரணும்!”

“சாமிக்கு மனசு நோகுதாம்டி” என்றாள் இன்னொருத்தி.

“பயந்துட்டாகடி, அம்புட்டுத்தான்.”

அந்தச் சொல்லே திரும்பி வந்தது. பாலகுரு பத்துப் பேர் முன்னால் சொன்னதை இப்போது முப்பத்திரண்டு பேர் முன்னால் சொன்னார்கள். ஒரு வார்த்தையில் அதைப் பொய்யாக்கிவிடலாம். ‘சரி, கலக்குறேன்’ என்றால் போதும். பலவேசம் கும்பிட்டார்.

“தாயி, உங்க ஒரு நாள் பொழப்பக் கெடுத்துட்டேன். தப்புத்தான். ஆனா நான் கலந்த மருந்து உங்க மடியிலதான் வந்து இருக்கும். இந்தக் கையால இன்னைக்குக் கலந்து உங்க கிட்டத் தர மாட்டேன்.”

யாரும் சமாதானம் ஆகவில்லை. வெயில் ஏறியது. கலக்கிற நேரம் தாண்டியது. ஒன்பதரைக்கு வேன் எல்லோரையும் திருப்பிக் கூட்டிப்போனது. பலவேசத்துக்குப் பக்கத்து இடம் ஊர் வரைக்கும் காலியாகவே வந்தது.

வீட்டுக்குப் போகவில்லை அவர். நேராகப் பாலகுரு வீட்டுக்குப் போனார். மச்சினன் வேனுக்கு அடியில் படுத்துக் கிடந்தார், கால் மட்டும் வெளியே தெரிந்தது.

“மாப்ள, நேத்து நீ சொன்னது நெசம். பயந்தான். பயத்துலதான் நான் ஆரம்பிச்சேன். இப்பவும் கொஞ்சம் இருக்கு. அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்.”

பாலகுரு நெளிந்து வெளியே வந்தார். மூக்கில் கிரீஸ்.

“நான் என்ன சொன்னேன்?”

“தகட்டுல பயத்தத் தடவிட்டுப் பக்தின்னு…”

“நானா? எப்ப?” பாலகுரு மெய்யாகவே யோசித்தார். “மச்சான், நான் ஒரு நாளைக்கு நூறு சொல்லுவேன். எத நீங்க எடுத்துட்டுப் போனீகளோ!”

ஒரு கம்பெனியையே நிறுத்திய சொல், சொன்னவருக்கு ஞாபகத்திலேயே இல்லை. பலவேசத்துக்கு முதலில் திகைப்பாக இருந்தது. பிறகு சிரிப்பு வந்தது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பாலகுருவும் எதற்கென்று தெரியாமலே சிரித்தார். காதைத் தொட்டுப் பார்த்தார் பலவேசம். குளிர்ந்திருந்தது. மச்சினன் வீட்டிலேயே கம்பங்கூழும் மோர் மிளகாயும் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

லட்சுமிகாந்தத்துக்கு அதற்குள் சேதி வந்திருந்தது. வாசலில் நின்றாள். திட்டு விழும் என்று எதிர்பார்த்தார்.

“மொதலாளியே வந்து பொய் சொல்லச் சொன்னாராமே?”

“ஆமா.”

“சொல்லலையாக்கும்?”

“சொல்லல.”

அன்று மாலை குழாயடியில் நாலு பேர் அவள் காதுபட ஏதோ முணுமுணுத்தபோது, குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சொன்னாளாம்: “எங்க வீட்டு மனுசன் சதுரகிரி ஏறுனப்பல்லாம் நான் ஒருத்தர் கிட்டயும் பீத்திக்கிட்டதில்ல. இன்னைக்குப் பீத்திக்கிடுவேன்.”

மறுநாள் தகடு இரண்டே நிமிசம் கேட்டது. உள்ளே போய்க் கலந்து கொடுத்தார். பெண்கள் வாங்கிப் போனார்கள், முகம் கொடுக்காமல். ஒரு வாரம் அப்படித்தான் போனது. பலவேசம் அதையும் வாங்கிக்கொண்டார். முதலாளி பயந்தபடி மறுநாளே ஆளாளுக்கு ‘மனசு சரியில்லை’ என்று சொல்லிக்கொண்டு வரவும் இல்லை. ஒரு நாள் கூலியை விடுவதற்கு எவ்வளவு மனசு வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.

அதற்கடுத்த புதன்கிழமை, கலவையைக் கொடுத்துவிட்டுப் பலவேசம் திரும்பும்போது பாண்டிச்செல்வி தன் அறை வாசலில் தகட்டில் கையை வைத்தபடி நின்றுகொண்டிருந்தாள். சும்மா தொட்டுவிட்டுப் போகிறவள். இன்றைக்கு நகரவில்லை. உள்ளேயிருந்து ஒருத்தி கூப்பிட்டாள்.

“வாடி, நேரமாகுது.”

“இருடி. எங்க வீட்டுக்காரரு இன்னும் எறங்க மாட்டேங்கிறாரு.”

உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. பலவேசம் சிரிக்கக் கூடாது என்று வேறு பக்கம் திரும்பினார், அவள் பார்த்துவிட்டாள்.

“நீங்க போங்கண்ணே, உங்க சோலியப் பாத்துக்கிட்டு. எல்லாம் உங்களால வந்த வென.”

கையை எடுத்தாள். உள்ளே போகவில்லை. திரும்பி நடந்து வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தாள். இராமகிருஷ்ணன் கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அடுத்த அறைக்கு நடந்தார். நாலு பேர் உட்கார வேண்டிய அந்த அறையில், அவள் வரும்வரை மூன்று பேர் வேலை பார்த்தார்கள்.