சுரங்கப்பாதை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தோம்

என் அக்கா வீட்டுக்காரரைப் பஞ்சர்காரர் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். முப்பது வருடம் நெடுஞ்சாலை ஓரத்தில் லாரி டயர்களோடு மல்லுக்கட்டியவர். வாய் கொஞ்சம் நீளம். "ஆணியை நாமளே ரோட்டுல போடுறோம்னு பேசிக்கிறாங்க மாப்ள. நல்ல யோசனைதான், நமக்குத் தோணாம போச்சே!" என்பார்.

எட்டுவழிச் சாலை வரப்போகிறது என்றதும் மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. வண்டி பெருகும், தொழில் பெருகும் என்று கணக்குப் போட்டார். அளக்க வந்தவர்களுக்கு நாற்காலி போட்டார், டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் ஓடினார். அப்போதுதான் வரைபடத்தைக் காட்டினார்கள். எதிரே இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போக சாலைக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை. அது சரியாக மாமாவின் கடை இருக்கும் இடத்தில் தொடங்கியது.

கருத்துக் கேட்புக் கூட்டத்தில் மனு கொடுக்கலாம் என்றார்கள். நான் பத்திரம் எழுதுகிறவன், எழுத்து முத்து முத்தாக இருக்கும். தண்ணீர் தேங்கும், திருட்டு நடக்கும், பொதுமக்களுக்குச் சுரங்கப்பாதை தேவையே இல்லை என்று இல்லாததும் பொல்லாததும் சேர்த்து எழுதினேன். நாற்பத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். அக்கா மட்டும் பேனாவை வாங்கிக்கொண்டு யோசித்தாள்.

"அப்ப ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போறது?"

"இத்தனை நாளா குறுக்க நடந்துதானே போறோம்? போடுடி" என்றார் மாமா. அவளும் போட்டாள்.

கடை தப்பியது. சாலை வந்தது, கூடவே இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் சுவரும் வந்தது. குறுக்கே நடக்கிற பேச்சுக்கே இடமில்லை. வண்டிகள் சுவருக்கு அந்தப் பக்கம் பறந்தன, ஒன்றுகூட நிற்கவில்லை. புதுக் கிடங்குகள், புது வேலைகள் எல்லாம் எதிர்ப்பக்கம் முளைத்தன. அங்கே போக, பாலம் வரை சுற்றிப் பதினொரு கிலோமீட்டர். மாமா காலையில் கடையைத் திறந்து, சும்மா உட்கார்ந்து, சாயங்காலம் மூடினார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அக்கா கடை வாசலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். சுவருக்கு மேலே ஆஸ்பத்திரியின் பெயர்ப்பலகை தெரிந்தது. ஆட்டோவில் போட்டுக்கொண்டு எதிர்த்திசையில் ஓடினோம். பாலத்தடியில் லாரிகள் அடைத்துக்கொண்டு நின்றன. அங்கேயே அவள் கை என் கைக்குள் தளர்ந்துபோனது.

"கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா..." என்று டாக்டர் இழுத்தார். நான் மாமாவின் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். அவர் தடுக்கவில்லை. மனுவை எழுதிய கை என் கைதான் என்பது அப்போது எனக்கு வசதியாக மறந்திருந்தது.

காரியம் முடிந்த மறுவாரமே மாமா வந்து நின்றார். "இன்னொரு மனு எழுது மாப்ள. பாதை வேணும்னு எழுது."

எழுதினேன். நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. சுரங்கப்பாதை பொதுமக்களின் வேண்டுகோளை ஏற்றே கைவிடப்பட்டது, நகல் இணைக்கப்பட்டுள்ளது என்று இரண்டே வரி. நகலில் என் முத்து முத்தான எழுத்து.

மாமாவுக்குப் படிக்கத் தெரியாது. "இதுல அவ போட்டது எது?" என்று கேட்டார்.

கடைசியாக இருந்ததைத் தொட்டுக் காட்டினேன். அந்த இடத்தில் விரலை வைத்தவர் வெகுநேரம் எடுக்கவில்லை.

"அன்னைக்கே கேட்டாளேடா" என்றார்.